வாசலில் போட்ட சிலுவை

எங்கள் தோட்டத்து மாதா கோயிலுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறுதான் சாமியார் வருவார். மற்ற ஞாயிறுகளில் என் அப்பாதான் எல்லாம். உபதேசியார் என்று பெயர். நற்செய்தி வாசிப்பார், செபம் சொல்லுவார், பாட்டை ஆரம்பித்துக் கொடுப்பார். அவர் எடுக்கிற சுருதி எப்போதும் தேவைக்கு மேலே போய்விடும். பின்னால் நாங்கள் எல்லாரும் மூச்சுத் திணறுவோம். கடைசிப் பாட்டு முடிவதற்குள் மெல்ல நடந்து வாசலில் போய் நின்றுகொள்வார். வெளியே போகிறவர்கள் ஒவ்வொருவராக அவர் முன்னால் தலை குனிவார்கள். வலது கைக் கட்டைவிரலால் நெற்றியில் சின்னதாக ஒரு சிலுவை போட்டு, "நல்லா இரு" என்பார். அவ்வளவுதான்.

இதை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகும்போது எனக்கும் தம்பிக்கும் போட்டுவிடுவார். அப்புறம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து நின்றன. அப்படியே அது கோயில் வாசலுக்குப் போய்விட்டது. புதிதாக வந்த ஒரு சாமியார் இதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். சில மாதம் கழித்து அவரையே வேறு ஊருக்கு மாற்றினார்கள். போகிற அன்றைக்கு அவரும் வரிசையில் வந்து குனிந்தார்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இந்துக்கள்தான் அதிகம். அவர்கள் பூசைக்கு உள்ளே வரமாட்டார்கள், ஆனால் முடிகிற நேரம் பார்த்துப் படிக்கட்டில் நிற்பார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளை, ஜொகூருக்கு லோரி ஓட்டிப் போகிறவர், ஆஸ்பத்திரிக்குப் படுக்கப் போகிற பெண். மாரியம்மன் கோயில் திருநீறு நெற்றியில் இருக்கும். அப்பா அந்தத் திருநீறு கலையாமல் அதற்கு மேலே, முடி ஆரம்பிக்கிற இடத்தில் சிலுவையைப் போடுவார். இனிப்புநீர் வியாதி அவர் கண்ணைப் பாதி தின்றுவிட்ட பிறகும், இடது கை விரலால் திருநீறு எங்கே இருக்கிறது என்று காற்றிலேயே அளந்து பார்த்துவிட்டுத்தான் வலது கையை வைப்பார். "உங்களுக்கென்னா, டபுள் இன்சூரன்ஸ்!" என்று நான் பக்கத்து வீட்டு அக்காவைக் கேலி செய்வேன். அந்த அக்கா தன் மகளை ஒவ்வொரு பரீட்சைக்கும் கூட்டிக்கொண்டு வந்துவிடும். "நீ பொறாமப் படாத. ரெண்டு பக்கமும் சொல்லி வெச்சா நல்லதுதானே" என்று சிரிக்கும்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த வாசலில் நடந்தது என்ன என்று புரிய வேண்டுமே, அதற்காகத்தான். வெளியே போன கதை வேறாக இருந்தது.

சட்டமன்றத் தேர்தல் அறிவித்ததும் சுவா டவுனிலிருந்து எங்கள் தோட்டத்துக்குப் பிரிகிற சாலை முழுக்கக் கொடி முளைத்துவிட்டது. செம்பனை மரங்களுக்கும் கொடி. தம்பி போர்ட்டிக்சன் பக்கம் ஒரு தாமான் வீட்டில் குடியிருக்கிறான், தொழிற்சாலை ஒன்றில் வேலை. கட்சி வேலை என்று வந்துவிட்டால் சோறு தண்ணீர் மறந்துவிடுவான். அந்த வாரம் அவனே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தான்.

"அக்கா, இந்தத் தடவ ரொம்ப டைட்டு லா. ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சி எல்லாரும் வெளிய வருவாங்கல்ல, நம்ம வேட்பாளரு சும்மா வந்து சலாம் சொல்லிட்டுப் போயிடுவாரு."

"மாதா கோயில்ல அவருக்கு என்னா வேல?"

"எல்லாரும் ஒரே எடத்துல நிக்கறது அங்கதானே. வீடு வீடா ஏறி எறங்க நேரம் இல்லக்கா."

எனக்குப் பிடிக்கவில்லை. எந்தக் கட்சியாக இருந்தாலும் பிடித்திருக்காது. மற்ற நாட்களில் நாங்கள் தோட்டத்து ஆட்கள், இந்தியர்கள். தண்ணீர்க் குழாய் உடைந்து புகார் கொடுத்தால் அதுவும் இல்லை, வெறும் வீட்டு நம்பர். தேர்தல் வந்தால் மட்டும் நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பது எல்லாருக்கும் திடீரென ஞாபகம் வந்துவிடும். முன்பு ஒரு தேர்தலில் ஒருவர் வந்து, தானும் ஞானஸ்நானம் வாங்கியவர்தான் என்று சொல்லி வேதத்திலிருந்து ஒரு வசனத்தையும் பாதி சொன்னார். மீதிப் பாதியை அப்பாதான் முடித்துவைத்தார். ஜெயித்த பிறகு அவர் எங்கள் சாலையின் பள்ளத்தைக்கூடப் பார்க்க வரவில்லை.

அப்பா யோசித்துவிட்டுச் சொன்னார். "உள்ள பேச்சு வேணாம். கொடி வேணாம். வெளிய நின்னு யாரு யாருக்கு வேணும்னாலும் வணக்கம் சொல்லலாம், அதுக்கு நாம யாரு தடுக்க?"

அந்த ஞாயிறு வேட்பாளர் வந்தார். லிங்கி ஆற்றோரக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், பிறந்து வளர்ந்த மலாய்க்காரர், முஸ்லிம். வயது அதிகமில்லை. கூட ஒரு ஐந்தாறு பேர், ஒருவன் கையில் போன். நாங்கள் உள்ளே பாடிக்கொண்டிருந்தோம். அவர்கள் மரத்தடியில் சத்தம் போடாமல் நின்றார்கள். பூசை முடிந்து ஆட்கள் வெளியே வந்ததும், "வணக்கம், நல்லா இருக்கீங்களா?" என்று தமிழில் கேட்டார். தோட்டத்துப் பிள்ளைகளோடு படித்தாராம், உச்சரிப்பு மோசமில்லை. உள்ளே வரப்போவதில்லை என்றாலும் முதல் படியில் ஏறும்போது சப்பாத்தைக் கழற்றினார். அதைப் பார்த்ததும் எனக்கு மனது கொஞ்சம் இளகிவிட்டது என்பதை மறைக்கமாட்டேன்.

வரிசை முடிகிற நேரம். அப்பா வாசலில் நின்றிருந்தார். வேட்பாளர் கடைசியாக அவரிடம் வந்து, மலாய்க்காரப் பிள்ளைகள் பெரியவர்களிடம் செய்கிறபடி, இரண்டு கையாலும் அவருடைய வலது கையைப் பிடித்து, குனிந்து, தன் நெற்றிக்குக் கொண்டுபோனார். எந்த வீட்டிலும் எந்தப் பெருநாளிலும் பார்க்கிற காட்சிதான். அப்பாவுக்கோ முகம் தெரியவில்லை. ஒரு தலை குனிந்தது தெரிந்தது, தன் கை ஒரு நெற்றியில் இருப்பது தெரிந்தது. கட்டைவிரல் அதன் வேலையைச் செய்துவிட்டது. மேலிருந்து கீழே, இடமிருந்து வலம். "நல்லா இரு" என்றார்.

வேட்பாளர் நிமிர்ந்து சிரித்தார். என்ன நடந்தது என்று அவருக்குப் புரியவே இல்லை என்று நினைக்கிறேன். "நன்றி அங்கிள்" என்றார், நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார், கிளம்பிப் போய்விட்டார். பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்த்தது. நான் அக்காவைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.

போன் வைத்திருந்தவன் அவர்களுடைய ஆள்தான். இனம், மதம் பார்க்காத வேட்பாளர் என்று காட்ட அப்படியே நேரலையாகப் போட்டிருக்கிறான். மத்தியானம் நான் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது போன் துடிக்க ஆரம்பித்தது. முழு வீடியோ அல்ல. குனிகிற தலை, அப்பாவின் கை, கட்டைவிரல். அந்தத் துண்டு மட்டும், மெதுவாக ஓடவிட்டு, கட்டைவிரலைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு. கீழே எதிர்க்கட்சிக்காரர்கள் மலாயில் எழுதியிருந்தார்கள்: இவர் சிலுவை வாங்கிக்கொண்டார், இவருக்கா உங்கள் ஓட்டு? சாயங்காலத்துக்குள் அப்பாவுக்குப் பதவி உயர்வும் கிடைத்துவிட்டது. ஒரு பதிவில் பாதிரியார், இன்னொன்றில் வெளிநாட்டுப் பணத்தில் மதம் மாற்றுகிறவர். அந்த மனுஷன் அப்போது கைலியோடு உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் புக்கிட் பெலண்டோக் பக்கம் நடந்த செராமாக் கூட்டத்தில் இதையே மேடையில் பேசினார்கள் என்று கேள்விப்பட்டேன். எதிர்க்கட்சிக்காரர்கள் மேல் கோபம் வந்தது, சரி. ஆனால் அதைவிடப் பெரிய கோபம் எங்கள் ஆட்கள்மேல்தான். பட்டணத்தில் ஒரு செபக் குழு இருக்கிறது, அதன் வாட்ஸ்அப்பில் நானும் இருந்தேன். அந்தத் துண்டு வீடியோவை அவர்களும் பரப்பினார்கள், சந்தோஷமாக! ஒரு அம்மாள் குரல் பதிவு போட்டிருந்தார்: ஆண்டவர் அவர் நெற்றியில் முத்திரை இட்டுவிட்டார், இது சாதாரணத் தேர்தல் இல்லை, உபவாசம் இருந்து ஓட்டுப் போடுங்கள். கீழே வரிசையாக ஆமென், ஆமென். நான் வேலை செய்கிற ஓட்டலின் சலவைப் பகுதியில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே அதைக் கேட்டேன். "சலாம் சொல்ல வந்த புள்ளைய ஏன் இப்படி மாட்டிவிடுறீங்க? உங்க ஆண்டவருக்கு ஓட்டுப் பெட்டிதான் கெடச்சுதா?" என்று எழுதிவிட்டு அந்தக் குழுவிலிருந்து வெளியே வந்தேன். பங்குச் சாமியாரின் அலுவலகத்திலிருந்தும் செய்தி வந்தது. யாரும் எதுவும் பேச வேண்டாம், அமைதியாக இருங்கள் என்று. அமைதியாக இருந்தது அப்பா ஒருவர்தான்.

அவருக்கு நான்தான் விஷயத்தைச் சொன்னேன். முதலில் அவருக்கு நம்பிக்கையே வரவில்லை.

"நம்ம லயத்துப் புள்ளைன்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "அந்தப் புள்ளைக்கு எதும் தொந்தரவா?" என்று கேட்டார்.

தம்பி அடுத்த நாள் மத்தியானம் காரில் வந்தான். கூட வந்த கட்சி ஆள் காரை விட்டு இறங்கவில்லை. தம்பியின் முகம் சுருங்கிப் போயிருந்தது, சரியாகத் தூங்கியே இருக்கமாட்டான்.

"அப்பா, ஒரு சின்ன வீடியோ எடுத்துக்கலாம். கை நடுங்கி அவரு நெத்தியில பட்டுடுச்சு, நான் சிலுவை எல்லாம் போடலன்னு மலாயில சொல்லிடுங்க. அவ்ளோதான்."

"என் கை நடுங்காது" என்றார் அப்பா.

அது உண்மை. அவர் முன்பு ரப்பர்ப் பால்மரம் வெட்டியவர். பட்டையில் கத்தி கொஞ்சம் ஆழமாய் இறங்கினாலும் மேற்பார்க்கிற மண்டோர் சும்மா விடமாட்டார். கண் போனாலும் கை போகவில்லை, அதில் அவருக்கு ஒரு கர்வம்.

"அப்பா, இது கர்வம் பாக்கற நேரம் இல்ல."

"நான் போட்டேன்டா. போட்டதப் போடலன்னு எப்படிச் சொல்லுவேன்? அதுவும் சிலுவைய?"

நான் தம்பியைப் பிடித்துக்கொண்டேன். "ஒங்க ஆளுதானே படம் புடிச்சான், ஒங்க ஆளுதானே போட்டான். அவன் மன்னிப்புக் கேக்கட்டும். எங்க வாசல்ல வந்து நின்னது நீங்க."

தம்பி என்னைத் தாண்டிப் போனான். அப்பா காலடியில் குந்திக்கொண்டான். "அப்பா, அவரு வீட்டுல பிரச்சன. கம்பத்துல யாரும் சரியாப் பேசமாட்டேங்கறாங்களாம். அவங்கம்மா சாப்புடாம அழுதுக்கிட்டு இருக்காங்களாம்."

கட்சி, தொகுதி, ஓட்டு என்று சொன்னதெல்லாம் அப்பாவைத் தொடவில்லை. இது தொட்டுவிட்டது. "அம்மா அழுவுறாங்களா?" என்று திரும்பக் கேட்டார். பிறகு சட்டையை எடுத்துவரச் சொன்னார். பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை. நான்தான் பொத்தான் மாட்டிவிட்டேன்.

ரம்புத்தான் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தோட்டத்து மலாயில் பேசினார், அதன் அர்த்தம் இதுதான்: அந்தத் தம்பி மரியாதையா என் கையப் புடிச்சுக் குனிஞ்சாரு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது. பழக்கத்துல என் விரலு சிலுவை போட்டுடுச்சு. அவரு கேக்கவும் இல்ல, அவருக்குத் தெரியவும் தெரியாது. அவரு மார்க்கத்துக்குத் தப்பா இருந்தா என்னய மன்னிக்கணும். இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தித் தொடர்ந்தார்: ஆனா கெட்டது நெனச்சுத் தொடல. நல்லா இருக்கணும்னுதான் தொட்டேன். எந்த வீட்டுப் புள்ள என் முன்னால குனிஞ்சாலும் அப்படித்தான் தொடுவேன்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இதைவிட நன்றாக யார் பேசிவிட முடியும்? ஒரு பொய் இல்லை, ஒருவர்மேலும் குற்றம் இல்லை. வேட்பாளரின் அம்மா இதைக் கேட்டால் சாப்பிடுவார் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலமே வீடியோ வெளியே வந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து அப்பாவின் காதருகே போனை வைத்தது. அப்பா தலையைச் சாய்த்துத் தன் குரலையே கவனமாகக் கேட்டார். "என்னய மன்னிக்கணும்" என்பதோடு குரல் நின்றது. அதற்குப் பிறகு கட்சிச் சின்னமும் ஏதோ இசையும்.

அப்பா காத்திருந்தார். இசை முடிந்தது.

"நான் இன்னும் பேசுனேனே" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தது. நான் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்த் தம்பியைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"அக்கா, நீயே யோசிச்சுப் பாரு. எந்த வீட்டுப் புள்ளயா இருந்தாலும் தொடுவேன்னு அப்பா சொல்றத அப்படியே போட்டா என்னா ஆவும்? அத மட்டும் வெட்டி எடுத்து, முஸ்லிம் புள்ளைங்களையும் மாத்துவேங்கறாருன்னு அவனுங்க போட மாட்டானுங்களா? நான் அப்பாவையும் பாக்கணும் லா."

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர்கள் வெட்டுவதற்கு முன்னால் நாமே வெட்டிக்கொண்டோம், அவ்வளவுதான் வித்தியாசம். ஊர் முழுக்க என் அப்பாவை இப்போது குற்றம் ஒப்புக்கொண்ட கிழவராகத்தான் தெரியும். சிலர் பாவம் என்று எழுதினார்கள், சிலர் வயதானால் வீட்டில் இருக்க வேண்டியதுதானே என்று எழுதினார்கள்.

வேட்பாளர் ஜெயித்துவிட்டார். கொஞ்ச ஓட்டில்தான். நன்றி சொல்லத் தோட்டத்து மண்டபத்துக்கு வந்தார். அப்பா போக வேண்டும் என்றார், கூட்டிக்கொண்டு போனேன். வேட்பாளர் கிட்டே வந்தபோது, "அவருதான்ப்பா" என்று காதில் சொன்னேன். அப்பா கையை நீட்டினார். அவரோ நின்ற இடத்திலேயே நின்று, வலது கையைத் தன் நெஞ்சில் வைத்து, லேசாகத் தலையை அசைத்தார். சுற்றிலும் போன்கள். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அப்பாவுக்கு அந்தத் தலையசைப்பு தெரியாதே. நீட்டிய கை அப்படியே நின்றது. நான்தான் அதைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு அப்பா வாசலுக்குப் போகவில்லை. கடைசிப் பாட்டு முடிந்த பிறகும் பீடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் வாசலில் ஒரு நிமிடம் தயங்கி நின்றுவிட்டுப் போனார்கள். படிக்கட்டில் யாரும் இல்லை. மாரியம்மன் கோயில் நிலமும் எங்கள் கோயில் நிலமும் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம், பிடுங்கிக்கொண்டால் என்ன செய்வது, எதற்கு வம்பு என்று அவர்கள் பக்கம் பேச்சு இருந்ததை அக்காவே என்னிடம் சொல்லியிருந்தது. யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் வந்தது, கிறிஸ்மசுக்குப் பலகாரம் போனது. நெற்றிகள் மட்டும் வரவில்லை.

அக்காவின் மகளுக்கு எஸ்.பி.எம். பரீட்சை வந்தது. முதல் நாள் காலை நான் கோப்பி கலக்கிக்கொண்டிருக்கும்போது பின்வாசலில் யாரோ செருமினார்கள். அக்கா. பின்னால் பள்ளிக்கூட உடுப்பில் மகள், நெற்றியில் அப்போதுதான் பூசிய திருநீறு.

"கோயிலுக்கு வர ஒரு மாதிரியா இருந்துச்சு. அதான் இப்படி வந்தோம். ஒண்ணும் நெனச்சுக்காதீங்க அய்யா" என்றது அக்கா. குரலில் வெட்கம்.

"இதுல நெனச்சுக்க என்னா இருக்கு?" என்று அப்பா எழுந்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து பார்த்து மாதங்கள் ஆகியிருந்தன. பிள்ளை வந்து குனிந்தாள். அப்பா இடது கையைத் தூக்கித் திருநீறு எங்கே இருக்கிறது என்று காற்றில் அளந்தார். வலது கை பாதி வழி வந்து நின்றுவிட்டது. இருட்டிக்கொண்டுவரும் கண்ணால் அடுப்படியைச் சுற்றிப் பார்த்தார்.

"ம்மா, கதவு சாத்தியிருக்கா?" என்று கேட்டார்.

திறந்துதான் இருந்தது. வெளியே வேலி, வேலிக்கு அப்பால் செம்பனை, ஒரு ஆளும் இல்லை. யாரும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். பிள்ளை குனிந்தபடியே காத்துக்கொண்டிருந்தாள், நான் போய்க் கதவைச் சாத்தினேன்.